நகப்பூச்சு வைத்த பித்தளை நட்டு

மகன்,

இதை நீ தனியே இருந்து வாசிக்காதே. நிரோஷினியையும் பக்கத்தில் இருத்திக்கொள். வாசித்து முடித்த பிறகு ஏறாவூர்க் கராஜ் றிஸ்வானிடமும் கொடு, அவனுக்கும் இதில் பங்கு இருக்கிறது. ஒளித்து ஒளித்துச் செய்த காரியங்கள் போதும், இந்தக் கடிதத்தையாவது நாலு பேர் பார்க்கட்டும். போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் நீ இப்போதெல்லாம் சத்தமாக, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திப் பேசுகிறாய். நாள் முழுக்க வாடிக்கையாளர்களோடு பேசுகிற வேலை, அந்தப் பழக்கம்தான் வீட்டுக்கும் வருகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏன் அப்படிப் பேசுகிறாய் என்று இப்போது தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு அந்தக் குரலைக் கேட்டாலே எனக்கு விசர் வருகிறது.

போன ஞாயிறு நான் சேர்ச் முடிந்து வந்து சேலைகூட மாற்றவில்லை, நீ எடுத்தாய். “அம்மா, கார் இழுக்குதில்ல. ரெண்டு நாளா அடைச்சு அடைச்சுத்தான் ஓடுது. நீங்க வந்து கை வச்சாத்தான் சரிவரும். வாங்களன், ரெண்டு நாள் நிண்டிட்டுப் போகலாம்” என்றாய். எனக்கு முழங்கால் நோ என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். என் முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. உன் காருக்கும் ஒன்றும் இல்லை. கிழவி கல்லடியில் தனியே கிடக்கிறாள், அவளுக்கு ஒரு வேலையைக் காட்டி வாழைச்சேனைக்கு வரவழைப்போம் என்று புருசனும் பெண்சாதியும் இருந்து யோசித்திருக்கிறீர்கள். நல்ல மனதுதான். அந்த நல்ல மனதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். பாதியில் மடித்து வைக்காமல் வாசி.

நிரோஷினிக்கு இந்தக் காரின் கதை முழுக்கத் தெரியாது. அவளுக்காக முதலிலிருந்து சொல்கிறேன், நீயும் கேள். உன் அப்பா தபால் கந்தோரில் கிளாக்கர். எங்களுக்குக் கல்யாணமான ஏழாம் மாதம், பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரையின் கொட்டிலில் கிடந்த இந்தக் காரைத் தன் மோட்டார் சைக்கிளுக்கு மாற்றிக்கொண்டு வந்தார். ஓட்டிக்கொண்டு வரவில்லை, லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார். வெள்ளைக்காரன் காலத்து ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு பேர்தான் இருக்கலாம். கூரை என்று ஒன்று இல்லை, கன்வஸ் துணி. முன்விளக்கு இரண்டும் பொனட்டுக்கு மேலே பிதுங்கிக்கொண்டு நிற்கும், அதனால் அன்றைக்கே கல்லடி அதற்குத் தவக்களை என்று பெயர் வைத்துவிட்டது. நான் கேட்டேன்: “மோட்டார் சைக்கிள்லயும் ரெண்டு பேர், இதுலயும் ரெண்டு பேர். அப்ப என்ன லாபம்?” அவர் சொன்னார்: “இதுல மழைக்கு நனையாமப் போகலாம்.” “கூரை எங்க?” என்றேன். அவர் சிரித்துக்கொண்டு துணியைத் தேடப் போனார். துணியில் எலி குட்டி போட்டிருந்தது.

வீடு என் சீதன வீடு, முற்றம் என் முற்றம், ஆகவே தவக்களையும் என் தலையில்தான் குந்தியது. உன் அப்பாவுக்கு ஓட்டப் பிடிக்கும், அது பற்றிப் பேசப் பிடிக்கும். கை மட்டும் வராது. எந்த நட்டையும் கழுத்து முறியும் மட்டும் இறுக்குவார். நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பித்தவள், சொட்டுக் கணக்கில் அளந்து பழகிய கை. காரோடு வந்த புத்தகத்தில் பாதியைக் கறையான் தின்றிருந்தது. மீதிப் பாதியை அகராதியை வைத்துக்கொண்டு நான்தான் வாசித்தேன். சண்டை நடந்த பிரச்சினைக் காலத்தில் நாலு கல்லின் மேல் ஏற்றி, சில்லுகளைக் கழற்றி ஒளித்து, மேலே தென்னோலைக் கிடுகு போட்டு மூடி வைத்தோம். ஆருக்கும் அது காராகத் தெரியவில்லை, அதனால் தப்பியது. பிறகு கிடுகை இழுத்துப் பார்த்தபோது உள்ளே கோழி அடை கிடந்தது. அன்றிலிருந்து அந்தக் காரில் நான் கழற்றிப் பூட்டாத சாமான் ஒன்றும் இல்லை.

அந்த இஞ்சினுக்கு இரண்டு காபரேட்டர். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. காற்றையும் பெற்றோலையும் கலந்து கொடுப்பதுதான் அவற்றின் வேலை. இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். ஒன்று கூட இழுத்து மற்றது குறைய இழுத்தால் இஞ்சின் நொண்டும். அதற்கு இப்போது கருவி இருக்கிறதாம். எனக்கு ஒரு முழம் றப்பர் குழாய் போதும். ஒரு நுனியைக் காபரேட்டரின் வாயில் வைத்து மறு நுனியைக் காதில் வைத்தால், காற்று உள்ளே போகும் சத்தம் ஸ்ஸ் என்று கேட்கும். முன்னதைக் கேட்டு, பின்னதைக் கேட்டு, இரண்டும் ஒரே சத்தமாக வரும்வரை ஸ்க்ரூவைத் திருப்ப வேண்டும். காற்று சரியானால் பெற்றோல். ஒவ்வொரு காபரேட்டருக்கும் அடியில் ஆறு பக்கம், ஆறு பட்டை வைத்த பித்தளை நட்டு ஒன்று இருக்கிறது. அதை ஒவ்வொரு பட்டையாகத் திருப்பி, காது சொல்லும் இடத்தில் நிறுத்த வேண்டும். ஊரில் எல்லாரும் வாவியில் துடுப்பைப் போட்டு, துடுப்பில் காதை வைத்து, மீன் பாடுகிறதா என்று கேட்பார்கள். எனக்குக் காபரேட்டர் பாடினால் போதும் என்று நான் சொல்வேன். பெருமை பேசினேன், ஓம். பேசிய பெருமைக்கெல்லாம் இப்போது சேர்த்து அனுபவிக்கிறேன்.

அப்பா போன பிறகு ஊருக்கு நான் கார் ரீச்சர் ஆனேன். ஏறாவூர்ப் பக்கத்தில் இருந்து வயல் வட்டைக்குத் தண்ணி இறைக்கிற பம்ப்பைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார்கள். “ரீச்சர், ஒருக்காக் காது வச்சுப் பாருங்க” என்பார்கள். சும்மா பார்த்துக் கொடுப்பேன், போகும்போது ஒரு பை அரிசி வாசலில் இருக்கும். ஐம்பத்தெட்டு வயதில் பென்சன் எடுத்த பொம்பிளைக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று உனக்குத் தெரியும். தெரிந்தபடியால்தான் இப்படிச் செய்தாய் என்று றிஸ்வான் சொல்கிறான். அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருக்கிறது.

இனி உன் கல்யாணம். நம்மட பக்கத்தில் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை, பொடியன்தான் போக வேணும். அது எனக்குப் புதிதல்ல, உன் அப்பாவும் அப்படி வந்தவர்தான். ஆனால் என் பொடியனை நானே கொண்டுபோய் விடுவேன், தவக்களையில், நான்தான் ஓட்டுவேன் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். வேன்காரரும் சொந்தக்காரரும் சிரித்தார்கள். நீ மட்டும் “அம்மா ஓட்டினாத்தான் நான் போவன்” என்றாய். அதற்காகக் கல்யாணத்துக்கு முதல் நாள் பின்னேரம் முழுக்க அந்தக் காரோடு இருந்தேன். பிளக் கழற்றித் துடைத்தேன், எண்ணெய் பார்த்தேன், குழாயை வைத்துக் காற்றுப் பார்த்தேன், நட்டைத் திருப்பி நிறுத்தினேன். வீடு முழுக்கச் சொந்தக்காரர், முற்றம் முழுக்கப் பிள்ளைகள், பொனட் திறந்திருந்தால் கை போடாத பிள்ளை எது? ஆராவது தொட்டால் தெரியட்டும் என்று தங்கச்சி மகளின் சிவப்பு நகப்பூச்சை வாங்கி, இரண்டு காபரேட்டரின் நட்டிலும் ஒவ்வொரு கோடு இழுத்துவிட்டேன். நட்டும் உடலும் சேரும் இடத்தில், குறுக்கே, ஒரு சின்னக் கோடு. உன்னைச் சந்தேகப்பட்டு அல்ல மகன். சத்தியமாக உன் நினைப்பே எனக்கு வரவில்லை.

விடிய எழும்பி, உனக்குத் தேத்தண்ணி ஊற்ற முதல், காரைத்தான் பார்க்கப் போனேன். பின் காபரேட்டரின் கோடு அப்படியே இருந்தது. முன் காபரேட்டரின் கோடு வெடித்திருந்தது. நட்டில் இருந்த பாதி ஒரு பக்கம், உடலில் இருந்த பாதி இன்னொரு பக்கம். எத்தனை பட்டை தள்ளி நின்றது என்று விரலை வைத்து எண்ணினேன். அந்த எண்ணை இதில் எழுத மாட்டேன், காரணம் கடைசியில் சொல்கிறேன். பிள்ளைகள் தொட்டிருந்தால் கண்டபடி திருகிவிட்டிருக்கும், கார் கிளம்பியே இராது. திறப்பைப் போட்டுத் திருகினேன். ஒரு தட்டில் கிளம்பியது. கையை வைத்துப் பார்த்தேன், பொனட் அதிராமல், பூனை போல நின்றது. என் கைக்கு அப்படி நின்றால் எனக்கு எவ்வளவு சந்தோசம் வரும்! அன்றைக்கு அது என் கைக்கு நிற்கவில்லை, பொனட்டை மூடிவிட்டு உனக்குத் தேத்தண்ணி ஊற்றப் போனேன்.

நீ மாலையும் கோட்டுமாக வந்து பக்கத்தில் ஏறினாய். பாலத்தைத் தாண்டி, பட்டினத்தைத் தாண்டி, ஏறாவூருக்கு வந்தோம். ஏறாவூரில் றிஸ்வான் கராஜ் வாசலில் நின்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான். அவன் சிரித்த சிரிப்பு என்னவோ அளவுக்குக் கூடின சிரிப்பாக இருந்தது. அதற்குப் பிறகுதான் கேட்டேன், உனக்கு ஞாபகம் இருக்கும். “மகன், நேத்து நான் செஞ்சதுக்குப் பிறகு காருல ஆரும் கை வச்சதா?” நீ ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்: “ஆர் வைக்கிற? நீங்கதானே செஞ்சீங்க. கேட்டீங்களா, எப்பிடிப் பாடுது! உங்கட கையம்மா, உங்கட கைதான்.” என் கண் நிறைந்துவிட்டது. நீ என் தோளைத் தொட்டு, “அழாதீங்கம்மா, கிட்டத்தானே, நினைச்ச நேரம் வருவன்” என்றாய். மகன் பிரிந்து போகிறான் என்று தாய் அழுகிறாள், அப்படி நினைத்தாய். நான் அதற்கு அழவில்லை. முப்பத்தொரு வருசம் வளர்த்த பிள்ளை, கல்யாண மாலையோடு பக்கத்தில் இருந்துகொண்டு, கேட்ட கேள்விக்குக் கண் சிமிட்டாமல் பொய் சொன்னான் என்று அழுதேன். சேர்ச்சில் படம் பிடித்தவன் “அம்மா, கொஞ்சம் சிரிங்க” என்று மூன்று தரம் சொன்னான். அல்பத்தைத் திறந்து பார், என் முகம் எப்படி இருக்கிறது என்று.

காரை உன்னிடமே விட்டுவிட்டு, அடுத்த நாள் பஸ்ஸில் திரும்பினேன். நேரே வீட்டுக்குப் போகவில்லை, ஏறாவூரில் இறங்கினேன். றிஸ்வான் என்னிடம் படித்தவர்களின் தம்பி, இருபது வருசமாகக் கராஜ் வைத்திருக்கிறவன். என்னைக் கண்டதும் இருக்கச் சொல்லிக் கதிரை போட்டான், பிளேன்ரீ எடுக்க ஆளை அனுப்பினான். நான் இருக்கவில்லை. “முன் காபரேட்டரை ஆர் திருப்பின?” என்று கேட்டேன். அவன் கையைத் துடைத்தான், துடைத்த கையைத் திரும்பவும் துடைத்தான். “உம்மாவாண சத்தியமா ரீச்சர், கலியாணத்துக்கு முந்தின நாள் நான் அங்க வரல்ல. அது உங்கட மகன்தான், தம்பி தனியச் செஞ்சது.” “அப்ப மற்ற நாளெல்லாம்?” துணியை மடித்து வைத்தான். “எவ்வளவு காலமா, றிஸ்வான்?” “மூணு வருசம் இருக்கும் ரீச்சர். நீங்க செஞ்சு முடிச்சதும் தம்பி ஒரு ரவுண்டு ஓடிப் பாக்கிறன் எண்டு இஞ்ச கொண்டு வருவார். நாங்க சரி பண்ணி விடுவம். ரீச்சருக்குச் சொல்ல வேணாம், மனசு உடைஞ்சு போவாங்க எண்டார். நல்லதுக்குத்தான் செஞ்சம் ரீச்சர்.” நான் பம்ப்புகளைப் பற்றிக் கேட்டேன். ஏன்தான் கேட்டேனோ. அவன் தலையைக் குனிந்துகொண்டான். “அவங்களும் போற வழியில இஞ்சதான் வாறவங்க” என்றான். பிளேன்ரீ வந்தது. குடிக்காமல் வந்துவிட்டேன்.

அந்தக் கிழமையே ஆஸ்பத்திரிக்குப் போய்க் காதைக் காட்டினேன். பெட்டி மாதிரி ஒரு அறைக்குள் இருத்தி, காதில் குமிழை மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். கொஞ்ச நேரம் தூக்கினேன், பிறகு தூக்க ஒன்றும் இருக்கவில்லை. சோதித்த பிள்ளை தாளில் கோடு போட்டுக் காட்டினாள். ஆட்கள் பேசுகிறது, இஞ்சின் அடிக்கிறது, பஸ் ஓடுகிறது, எல்லாம் கேட்கும். மெல்லிய, உயர்ந்த சத்தங்கள்தான் போய்விட்டனவாம். காற்றுச் சீறும் சத்தம் முதலில் போகுமாம். “கொஞ்ச நாளில வந்ததில்ல, மெல்ல மெல்லப் போயிருக்கு. வீட்டில ஆரும் உங்களுக்குச் சொல்லல்லியா?” என்று கேட்டாள். நான் அவளிடம், வீட்டில் ஆரும் இல்லை என்று சொன்னேன்.

நான் ஒன்றும் சுத்தமானவள் இல்லை, அதையும் எழுதுகிறேன். அந்தக் குழாயில் சத்தம் குறைந்தது எனக்கும் தெரிந்தது. குழாய் பழுதாகிவிட்டது என்று சொன்னேன். நீ புதுக்குழாய் வாங்கி வந்தாய். அதிலும் கேட்கவில்லை, இது மொத்தம், தடிப்புக் கூட என்றேன். இன்னொன்று வாங்கி வந்தாய். மூன்றாவதை வைத்துப் பார்த்தபோது நீ குனிந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டு, “இப்ப கேக்குதா அம்மா?” என்றாய். நான், “ஓம், இப்பதான் நல்லாக் கேக்குது” என்றேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, மகன். நீ நான் சொன்னது பொய் என்று தெரிந்துகொண்டு சந்தோசப்பட்ட மாதிரிக் காட்டினாய். மூன்று குழாய் வாங்கின பிள்ளைக்கு ஒரு சொல் சொல்ல வரவில்லையே. “அம்மா, குழாய் நல்லம், காதுதான்” என்று ஒரு சொல். நான் கத்தியிருப்பேன். ஸ்பானரைத் தூக்கி எறிந்திருப்பேன், இரண்டு நாள் சமைத்திருக்க மாட்டேன். மூன்றாம் நாள் உன்னைக் கூப்பிட்டுக் குழாயை உன் காதில் வைத்திருப்பேன். அதற்கு இடம் தராமல் விட்டாயே.

இப்போது எனக்கு வந்திருக்கும் வருத்தம் காதில் இல்லை. எதையும் நம்ப முடியவில்லை, அதுதான் வருத்தம். நீ அடுக்கடுக்காகச் சொன்ன நல்ல வார்த்தை எல்லாவற்றையும் எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். மீன் ஆணத்தில் உப்பு அளவாக இருக்கிறது என்று சொன்னாயே, இருந்ததா? சேர்ச்சில் பாட்டுக் கொயரில் என்னைப் பின்வரிசைக்கு மாற்றினார்கள். முன்வரிசையில் காத்தாடி இல்லை, உங்களுக்கு வியர்க்கும் என்று சொன்னார்கள். நீ அதைக் கேட்டு, “நல்லதுதானேம்மா” என்றாய். அதுவும் உனக்குத் தெரியுமா? கல்யாணத்துக்கு நான் கட்டிய மாம்பழ நிறச் சேலை வடிவு என்றாயே? பட்டினத்துக்கு நான் கார் ஓட்டிப் போகும்போதெல்லாம் “எனக்கும் அங்கால ஒரு வேலை இருக்கு” என்று பக்கத்தில் ஏறுவாயே, என்ன வேலை மகன் அங்கால? ஒரு பொய்யைக் கண்டுபிடித்தவள் நூறு உண்மையையும் சேர்த்துக் குப்பையில் போட வேண்டியிருக்கிறது. என்னை நோகடிக்கக் கூடாது என்று நினைத்து, நான் நிற்கும் தரையை உருவி விட்டாய்.

இனி எழுதப்போவதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. நாலு நாள் இந்த இடத்தில் நிறுத்தி வைத்தேன். இந்த வித்தையை நீ எங்கே படித்தாய் என்று எனக்குத் தெரியும். என்னிடம்தான் படித்தாய்.

உன் அப்பா சனிக்கிழமைகளில் காரைத் திருத்துவார். திருத்துவார் என்றால், கெடுப்பார். தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள், ஆம்பிளை கார் திருத்துகிறார் என்று. திங்கள் காலை அவர் சைக்கிளில் கந்தோருக்குப் போனதும், பள்ளிக்கூடம் போக முதல் நான் பொனட்டைத் திறந்து, அவர் இறுக்கியதைத் தளர்த்தி, காற்றுப் பார்த்து, சரிப்பண்ணி மூடிவிடுவேன். ஊர் அவருடைய கையைப் புகழும். நான் வாயை மூடிக்கொண்டு பெருமைப்படுவேன், சிலவேளை எரிச்சலும் படுவேன். உனக்குப் பத்து வயது இருக்கும், ஒருநாள் சப்பாத்துக் கட்டிக்கொண்டு வந்து பார்த்துவிட்டாய். “அப்பாட்ட சொல்லிராத மனே, பாவம், மனசு உடைஞ்சு போகும்” என்றேன். றிஸ்வான் வாயிலிருந்து நீ சொன்னதாக அந்தச் சொல் வந்தபோது, எனக்கு முதலில் கேட்டது என் குரல்தான்.

உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. ஒரு திங்கள் பின்னேரம் அப்பா என்னை ஏற்றிக்கொண்டு போனார். கார் அருமையாகப் போனது. பாலத்தடியில் ஓரமாக நிறுத்தினார், இஞ்சினை நிறுத்தவில்லை. கொஞ்சநேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “நான் கை வச்சா இப்பிடி வராதே” என்றார். என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நான் சொன்னேன்: “ஆர் வைக்கிற? நீங்கதானே செஞ்சீங்க.” அவர் இன்னும் கொஞ்சம் பார்த்துக்கொண்டிருந்தார். “ஓம், நான்தான்” என்று சொல்லிவிட்டு கியரைப் போட்டார். அப்பாடா, தப்பினேன் என்று நான் நினைத்தேன். அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அவர் பொனட்டைத் திறப்பது குறைந்துபோனது. வயது போகிறது, அலுப்பாக இருக்கும் என்று நான் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். மனிசன் கேட்டிருக்கிறார், மகன். தெரிந்துகொண்டுதான் கேட்டிருக்கிறார். சொல்லு, சேர்ந்து செய்வோம் என்று கேட்டிருக்கிறார். நான் சொல்லவில்லை. ஏறாவூருக்கு அங்கால் நீ அதே வார்த்தையை என்னிடம் சொல்லும் வரைக்கும் எனக்கு அது விளங்கவே இல்லை. இப்போது சேமக்காலையில் கல்லறையடிக்குப் போய் அவரிடம் என்னத்தைச் சொல்ல? போனேன், சொன்னேன். பதில் வராத இடத்தில் சொல்வது சுலபம்தானே.

ஆகவே நீயும் நிரோஷினியும் இதைக் கேளுங்கள். நீங்கள் கல்யாணம் முடித்து இன்னும் இரண்டு மாதமாகவில்லை. இந்தக் காலத்தில் இருவருக்கும் மற்றவர் செய்வது எல்லாம் நன்றாகத்தான் தெரியும், தெரியாவிட்டாலும் நன்று என்றுதான் சொல்ல வரும். புருசனின் கை பிழைத்தால் அவனிடம் சொல்லு பிள்ளை, இவனுடைய அம்மாவைப் போல திங்கட்கிழமை வரைக்கும் காத்திருக்காதே. நீயும் அவள் செய்ததை அவளுக்குத் தெரியாமல் திருப்பி வைக்காதே மகன். அவள் அழுதால் அழட்டும், அழுது முடியப் பக்கத்தில் இரு. ஒருவரைப் பாவம் பார்த்துப் பொய் சொல்லத் தொடங்கினால், அவரை மனிதராக நினைப்பதை அன்றைக்கே விட்டுவிடுகிறோம். நான் உன் அப்பாவை அப்படி விட்டேன். நீ என்னை விட்டாய். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. நானும் செய்தவள் என்பதால் உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. அது வேறு, இது வேறு.

நீ கார் இழுக்கவில்லை என்று கூப்பிட்டாய். நான் வருவேன். ஆனால் நீ கூப்பிட்ட மாதிரி வர மாட்டேன். இந்தக் கடிதத்தோடு மூன்றாவது குழாயை வைத்து அனுப்புகிறேன், நல்ல குழாய், அதில் ஒரு பிழையும் இல்லை. நான் வந்தால் அதன் மறு நுனி உன் காதில் இருக்கும், ஸ்பானர் என் கையில் இருக்கும். கேட்பதை நீ சொல், திருப்புவதை நான் செய்கிறேன். பிழை என்றால் பிழை என்று சொல், போதும் என்றால் போதும் என்று சொல். “உங்கட கைதானம்மா” என்று ஒரு சொல் உன் வாயில் வந்தால் அந்த நிமிசமே வாழைச்சேனைச் சந்தியில் பஸ் ஏறிவிடுவேன்.

அதற்கு முதல் ஒன்று வேண்டும். பதில் எழுது. போனில் சொல்லாதே, எழுது. மன்னிப்புக் கேட்டு ஒரு வரியும் எழுத வேண்டாம். நல்லதுக்குத்தான் செய்தேன் என்றும் எழுத வேண்டாம், அதை றிஸ்வான் சொல்லிவிட்டான். றிஸ்வானிடம் கேட்டும் பிரயோசனம் இல்லை, அவனுக்கு எண் தெரியாது. கல்யாணத்துக்கு முதல் நாள் அந்தக் காரடியில் நீ மட்டும்தான் இருந்தாய். விடிய எண்ணிப் பார்த்தது நான் மட்டும்தான். எனக்குத் தெரியும், நீ எழுதுகிறாயா என்றுதான் பார்க்க வேண்டும். ஏறாவூருக்கு அங்கால் வைத்துக் கேட்ட கேள்வியைத்தான் திரும்பக் கேட்கிறேன். நான் உன் அப்பாவுக்கு இரண்டாம் தரம் கேட்க இடம் கொடுக்கவில்லை, நீ எனக்குக் கொடு.

முன் காபரேட்டர், மகன். எத்தனை பட்டை?

அம்மா